திருப்பூர் அப்பா

துணி அதற்குள் சூடேறிவிட்டது.

அவன் அதை மகளின் நெற்றியிலிருந்து எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்தான். கழுத்திலும் அக்குளிலும் ஒற்றி எடுத்தான். பச்சைத் தண்ணீர் வேண்டாம், குழந்தைக்கு உதறல் எடுக்கும் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார்.

ஊற்றிய மருந்தில் பாதியைக் கக்கிவிட்டாள் மிருதுளா.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். மொட்டைமாடி அறையின் தகரக் கூரை, வெயிலை அப்படியே கீழே இறக்கிக்கொண்டிருந்தது.

மாதத்தில் இரண்டு ஞாயிறுகள்தான் அவள் அவனுடையவள். கோர்ட் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. காலையில் கோவையிலிருந்து பஸ்ஸில் அழைத்து வரும்போதே உடம்பு லேசாகச் சுட்டது. வெயில்தான் என்று நினைத்தான். அப்படி நினைக்கத்தான் விரும்பினான்.

அவள் அம்மா சுகன்யாவுக்குச் சொல்ல வேண்டும்.

சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். போன முறை முழங்காலில் ஒரு சிராய்ப்பு. அதற்கே வக்கீல் வரைக்கும் போனாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாத ஆள் என்றாள். இன்னொன்று என்றால் இந்த ஞாயிறுகளும் போய்விடும்.

இறங்கிவிடும். இன்னும் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும்.

தண்ணீரை மாற்றினான். பழைய காலண்டர் அட்டையால் விசிறினான். தொட்டுப் பார்த்தான். கொதித்தது.

அவள் உதடுகள் அசைந்தன.

"அப்பா."

விசிறிய கை நின்றது.

அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே பிரிந்தாயிற்று. அவன் 'திருப்பூர் அப்பா'. வெறும் அப்பா என்றால் அது பிரபாகர், சுகன்யா மறுபடி கட்டிக்கொண்டவர்.

"இங்கதான் இருக்கேன் கண்ணு."

அவள் கண்ணைத் திறந்தாள். சிவந்திருந்தது. அவனை நன்றாகப் பார்த்தாள்.

"நீங்க இல்ல," என்றாள். "அப்பா வேணும்."

அழவில்லை. அடம்பிடிக்கவில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

அவன் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிச் சிறிது நேரம் நின்றான்.

பிறகு போனை எடுத்தான். பிரபாகரின் எண் இருந்தது. ஒருமுறைகூட அழைத்ததில்லை.

"பாப்பாவுக்குக் காய்ச்சலுங்க. உங்களத்தான் கேக்கறா."



"போனை அவ காதுகிட்ட வைங்க," என்றார் பிரபாகர்.

வைத்தான்.

"குட்டிமா, அப்பாதான்டா. இதோ கெளம்பிட்டேன். கண்ண மூடிக்கோ."

அவள் போனைக் கன்னத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அந்தக் குரல் என்னென்னவோ சொல்லிக்கொண்டே வந்தது. நடுவில் கார்க் கதவு சாத்தும் சத்தம். சுகன்யா யாரையோ திட்டும் சத்தம்.

யாரை என்று அவனுக்குத் தெரியும்.

குழந்தை கேட்டபடியே தூங்கிப்போனாள். குடித்த மருந்து வேலை செய்ததோ, அந்தக் குரல்தானோ, கீழே கார் வந்து நின்றபோது அவள் கழுத்தில் வியர்வை பொடித்திருந்தது.

புறங்கையை வைத்துப் பார்த்தான். சூடு இறங்கியிருந்தது.

படிகளில் காலடிகள் ஏறிவந்தன.

அவன் துணியை மறுபடியும் நனைத்தான். பிழிந்தான். தேவையில்லை என்று தெரிந்தும் நெற்றியில் வைத்தான்.

வைத்த கையை எடுக்கவில்லை.