கடைசிச் சிப்

கண்ணுக்குத் தெரியாத குட்டிக் கண்ணாடிகளால் படம் காட்டும் ப்ரொஜெக்டர் அது; அவன் தன் பட்டறையில் செய்துகொண்டிருந்தான். கணினியின் வீடியோவை அந்தக் கண்ணாடிகளுக்குக் கொண்டுசேர்க்கும் சிப்தான் எதுவும் ஒத்துவரவில்லை. மாலைக்குள் சுவரில் படம் விழாவிட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"நமக்கே இவ்வளவு பொருத்தம் பார்க்கலீங்க," என்றாள் மனைவி.

அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த கடைசிச் சிப்பையும் பொருத்தி, கணினியில் கைக்குக் கிடைத்த ஒரு வீடியோவை ஓடவிட்டான். சுவர் இருண்டே கிடந்தது.

"போச்சு! இதுவும் தண்டம்!" சிப்பைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்தான். அது நொறுங்கியது.

அப்போது கணினியிலிருந்து அவன் குரலே கேட்டது: "பாருங்க சார், உங்க சிப்பைப் போட்டும் சுவர் இருட்டாவே கெடக்கு."

"ஏங்க," என்றாள் மெதுவாக, "இது சிப் கடைக்காரருக்கு அனுப்ப நேத்து நீங்க எடுத்த வீடியோவாச்சே?"

கடைசிச் சிப் அந்த இருண்ட சுவரைத்தான் அச்சு அசலாகக் காட்டியிருக்கிறது.