கிணற்று நீச்சல்

போரில் மூழ்கிய கப்பலில் பிழைத்த மூன்று பேரும், வருஷா வருஷம் வருகிற மாதிரியே இந்தக் கார்த்திகையிலும் வந்து, திரும்பாத இசக்கியப்பனின் தோட்டத்துக் கிணற்றடியில் நிற்கிறார்கள். உச்சி வெயில். பருத்திச் செடிகளின் ஓரத்தில் அவன் அப்பா கொம்பையா வெறுங்காற்றில் கைகளை வீசி நீந்திக் காட்டுகிறார்; கரிசல் அப்பிய விரல்கள் இல்லாத தண்ணீரை விலக்கி விலக்கித் தள்ளுகின்றன. "இப்படித்தாம்ப்பா இந்தக் கெணத்துல அவனைப் பழக்குனேன். இதுல எங்கன தப்பு விட்டேன்?" மூவரில் ஒருவனான சிவனாண்டிக்குத் தெரியும். கூட்டாளி இசக்கியப்பன் இருந்தது அடித்தட்டு எஞ்சின் அறையில். கடல் அழுத்திச் சாத்திய இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் நீச்சலுக்கு என்ன வேலை? அதை இந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்ல? "ஒரு தப்புமில்லய்யா" என்கிறான். கொம்பையாவின் கைகள் அந்தரத்தில் நிற்கின்றன. "அப்பம் நீங்கல்லாம் யாருகிட்டப்பா நீச்சல் படிச்சிய?"