பத்தொன்பது மாதத் தண்ணீர்

சம்பளம் தராத வேலையை ஊழியரே திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்த வருடம் அது. எங்கள் பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் வேதமுத்துவுக்குப் பத்தொன்பது மாதச் சம்பளம் பாக்கி. வாடகை வராததால் வீட்டுக்காரர் அவருடைய பாத்திரங்களைத் தெருவில் எடுத்து வைத்த அன்று காலை, அவர் மேல்நிலைத் தொட்டிக்குப் போய் வால்வை எதிர்ப்பக்கம் திருகினார்.

நான் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். பத்தொன்பது மாதமாக ஊருக்குள் போன தண்ணீரெல்லாம் தெருத்தெருவாகத் திரும்பி நடந்து வந்தது. என் டம்ளரில் காப்பித்தூள் மட்டும் மிஞ்சியது. பேரூராட்சித் தலைவர் கட்டிய புது மாடி சிமெண்டுத் தூளாக உட்கார்ந்துவிட்டது. தொட்டிக்கு மேலே மலைபோல எழுந்து நின்ற தண்ணீருக்குள் சூரியன் தெரிந்தது. கோபப்படக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

"இம்புட்டுமா ஒத்தை ஆளு குடுத்தது?" என்றார் செயல் அலுவலர்.

"ஆமா சார். ஞாயித்துக்கிழமையும் சேத்து" என்றார் வேதமுத்து.

அப்போது கூட்டத்தில் நின்ற பேச்சித்தாயின் இடுப்பிலிருந்த ஆறு மாதக் குழந்தை மெல்லத் தொட்டியை நோக்கி மிதக்க ஆரம்பித்தது. அவள் அதன் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "அண்ணாச்சி, எம்பிள்ளை முழுக்க ஒங்க தண்ணிதான்!"

வேதமுத்து வால்வை நிறுத்தினார். "பிள்ளைக்குப் போனது எனக்கு வேண்டாம் தாயி. அதுகிட்டயே இருக்கட்டும்."

குழந்தை இறங்கி இடுப்பில் உட்கார்ந்தது. தண்ணீரைத் திரும்ப விடச் சொல்லி மாலைக்குள் சம்பளப் பாக்கியைக் கொண்டுவந்தார்கள். குழந்தைக்கு விட்டுக்கொடுத்த தண்ணீருக்கு மட்டும் நாலு ரூபாய் பிடித்திருந்தார்கள்.

"கணக்கு சரிதான் சார்" என்று சொல்லி வேதமுத்து கையெழுத்துப் போட்டார்.