முதல் பெட்டியில் மாமியார்

மென்பொருள் எழுதியவரின் குடும்பம்தான் முதலில் ஏற வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, ரோப் காரில் போகிறவர்களுக்குப் பயம் போய்விட்டது. எழுதுகிறவர்களுக்கு வந்துவிட்டது.

திறப்பு விழாவில் பேண்டு வாத்தியம் முழங்க, செண்பகவல்லி புளியோதரைத் தூக்கோடு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். மென்பொருளை எழுதிய மருமகள் இளவேனில் பொத்தானை அழுத்தத் தயங்கினாள்.

"இறங்குங்க அத்தை. பிரேக் பகுதிய ஏஐதான் எழுதுச்சு. சோதனையில பாஸ் ஆயிடுச்சேன்னு நான் படிக்காம விட்டுட்டேன்."

"அதுக்கென்ன, இப்பப் படி. நாங்க சாப்பிடுறோம்."

நடைமேடையிலேயே தூக்கு திறந்தது. பேண்டுக்காரர்களுக்கும் ஆளுக்கொரு பிடி கிடைத்தது. இளவேனில் வரி வரியாகப் படித்தாள். பலத்த காற்றில் பிரேக்கை இறுக்குவதற்குப் பதிலாகத் தளர்த்தும்படி எழுதியிருந்தது. காற்றை வைத்து யாரும் சோதிக்கவே இல்லை. திருத்தினாள், சோதித்தாள், மறுபடியும் முழுக்கப் படித்தாள்.

மாலையில் பொத்தானை அழுத்திவிட்டு இளவேனிலும் ஏறிக்கொள்ள, பெட்டி கிளம்பியது. பாதி வழியில் காற்று பலமாக வீச, பிரேக் இறுகிப் பெட்டி அந்தரத்தில் நின்றது. உள்ளே எல்லோரும் கைதட்டினார்கள்.

செண்பகவல்லி மேகத்தைப் பார்த்தபடி மருமகளின் தோளைத் தொட்டார்.

"அடுத்து ஏரோப்ளேனுக்கு எழுதேன். நான் அதுல ஏறுனதே இல்ல."