சிவப்பு வண்டி தாங்கும் எடை

"மூணு பேர்," என்றான் ரீட். "நான், மார்னி, நாய்."

டுவெய்ன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, விலைத்தாளின் பின்பக்கத்தில் மூன்று கோடு கிழித்தார்.

விற்பனைக்கு நிறுத்திய இரண்டு பிக்கப் வண்டிகளும் காற்றில் தூசி படிந்து நின்றன. சிவப்பு பெட்ரோல், வெள்ளை டீசல். இருபது வருடமாக கிளெண்டைவ் ஊரில் வண்டி விற்கிறவர் டுவெய்ன். ஆள் வாய் திறப்பதற்குள் எதை வாங்குவான் என்று சொல்லிவிடுவார். ரீட் விஷயத்தில் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

"சிவப்பு பதினோராயிரம் பவுண்டு இழுக்கும் தம்பி. வெள்ளை பதினாலாயிரம். பார்ல உக்காந்து பீத்திக்க ரெண்டுமே போதும்."

ரீட் சிரிக்கவில்லை. சிவப்பு வண்டியின் கதவைத் திறந்து, கதவு நிலையில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைக் குனிந்து படித்தான்.

1,480 பவுண்டு.

ஒரு வண்டி எவ்வளவு இழுக்கும் என்பது வேறு, தன் முதுகில் எவ்வளவு தாங்கும் என்பது வேறு. பின்னால் கட்டும் டிரெய்லரின் மூக்கு வண்டியின் முதுகில்தான் அழுந்தும். உள்ளே உட்காருகிறவர்களும் அதே முதுகில்தான். இந்த ஊரில் இழுக்கும் எடையை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். முதுகு தாங்கும் எடை எழுதிய மஞ்சள் சீட்டைப் படிக்கிறவர்கள் குறைவு. படிக்காதவர்கள் மலை இறக்கத்தில் படித்துக்கொள்வார்கள்.

ரீட்டுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது மார்னி. சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு அறுவடையில் எடைமேடைக்கு வரும் லாரிகளை நிறுத்துச் சீட்டுக் கொடுப்பது அவள் வேலை. படுத்துறங்க வசதியுள்ள பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கிய மறுநாளே, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, அதே மேடையில் ஏற்றிவிட்டாள். மூக்கைத் தனியாக எடை போட்டாள்.

அந்த டிரெய்லர் போன ஒரே பயணம் அதுதான்.

ஓரிகன் கடற்கரை வரைக்கும் அதில் போக வேண்டும், காலையில் படுக்கையில் இருந்தபடியே கதவைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும் என்பாள். ரீட் சரி என்று சொல்லியிருந்தான்.

"போக வர ரெண்டாயிரத்து நானூறு மைல்," என்றார் டுவெய்ன். "டிரெய்லரோட சிவப்பு ஒரு கேலனுக்குப் பத்து மைல் போகும். வெள்ளை பன்னெண்டு. ஆனா டீசல் விலை கூட. எண்ணெய்ச் செலவுல ரெண்டும் ஒண்ணுதான். கணவாய் ஏத்தத்துலதான் தெரியும். வெள்ளை பாட்டுப் பாடிக்கிட்டு ஏறும். சிவப்பு சாமி கும்பிட்டுக்கிட்டு ஏறும்."

"சிவப்பு ஏறினா போதும்."

வெள்ளை வண்டிக்குப் பதினெட்டாயிரம் டாலர் அதிகம். அது அவன் கைக்கு எட்டாது. சிவப்பு தாங்காது என்றால் டிரெய்லரை விற்க வேண்டியதுதான். அந்தக் கதவும் இல்லை, கடலும் இல்லை.

"சரி, சொல்லு. டிரெய்லர் மூக்கு?"

"தொள்ளாயிரத்து முப்பது."

"எப்படி இவ்வளவு கரெக்டா சொல்ற? நிறுத்துப் பாத்தியா?"

"மார்னி நிறுத்துப் பாத்தா."

"நல்ல பொம்பள. கொக்கி தொண்ணூறு. ஜெனரேட்டர், கருவிப்பெட்டி?"

"நூத்தம்பது. நாய் எழுபத்தஞ்சு. நான் நூத்தித் தொண்ணூறு."

"பூட்ஸோடயா?"

"பூட்ஸோட."

டுவெய்ன் எல்லாவற்றையும் தாளில் எழுதி, உதட்டை அசைத்துக் கூட்டினார். ஆயிரத்து நானூற்று முப்பத்தைந்து. மஞ்சள் சீட்டை எட்டிப் பார்த்தார். மறுபடியும் கூட்டினார். பிறகு தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டு பெரிதாகச் சிரித்தார்.

"நாப்பத்தஞ்சு பவுண்டு மிச்சம் இருக்கு. நாப்பத்தஞ்சுல எங்கடா பொண்டாட்டி கிடைப்பா? அவங்க எடை என்னன்னு நான் கேக்க மாட்டேன். இந்த ஊர்ல அதைக் கேட்டுட்டு முழுசா வீடு போய்ச் சேந்தவன் இல்ல. வெள்ளைய எடு தம்பி. இல்லன்னா நாய வண்டியில ஏத்திக்கிட்டு அவங்கள பஸ்ஸுல அனுப்பு."

ரீட் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மார்னிக்கான நடுக்கோடு மட்டும் காலியாக இருந்தது.

"ஆறு," என்றான்.

"என்ன ஆறு?"

"மார்னி. பெட்டியோட சேத்து ஆறு பவுண்டு."

காற்று தாளைத் திருப்பப் பார்த்தது. டுவெய்ன் அதை வண்டியின் எஞ்சின் மூடிமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார்.

மார்ச் மாதம் தகனக்கூடத்தில் மார்னியின் சாம்பலைப் பெட்டியில் வைத்துக் கையில் கொடுத்தபோது, வீட்டுக்குப் போகும் வழியிலேயே தபால் அலுவலகத்தில் இறங்கி, பார்சல் தராசில் வைத்துப் பார்த்தான் ரீட். எங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்டார்கள். எங்கும் இல்லை என்று சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

டுவெய்ன் காலிக் கோட்டின் மேல் 6 என்று எழுதினார். எழுதியதன் மேலேயே இன்னொரு முறை எழுதினார். பிறகு, அவசரமே இல்லாமல், முதலிலிருந்து எல்லாவற்றையும் கூட்டினார்.

"தாங்கும்," என்றார். "தாராளமா தாங்கும். இன்னும் முப்பத்தொம்பது பவுண்டு இருக்கு." பென்சிலைக் கையில் உருட்டினார். "அவங்களுக்குன்னு... ஏதாவது எடுத்துட்டுப் போகணும்னாலும் போகலாம்."

ரீட் சிவப்பு வண்டியின் கதவைச் சாத்தினான்.

"அவ கோட்டு ஒண்ணு," என்றான். "கடல் பக்கம் குளிரும். நாலு பவுண்டு போட்டுக்கோங்க."