கீயை முழுங்கும் மெனு

"இந்தச் சனியனை எழுதினவன் யாருய்யா?"

மேனேஜர் ஆரம்பித்துவிட்டார். பம்ப் செட் கிடங்கின் கடைசி மூலை வரைக்கும் கேட்கும் குரல். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் சைரன்.

சனியன் என்பது பில் போடும் புரோகிராம். படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ஒரு மெனு. எந்த நம்பரை அழுத்துகிறோமோ அந்த வேலை நடக்கும். ஆனால் ஒரு கீயை அழுத்திவிட்டு அடுத்ததைச் சட்டென்று அழுத்தினால், அதை முழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நிற்கும்.

"செவுத்தைத் தட்டினாக்கூட இதைவிடச் சீக்கிரம் பதில் வரும்!" என்றார் சைரன்.

பில் போடும் அக்கா பாவம், தலையைக் குனிந்தபடி ஒவ்வொரு கீயாக அழுத்திக்கொண்டிருந்தார்.

புது புரோகிராமருக்கோ உள்ளுக்குள் குளிர்ந்தது. அவன் இன்னும் தற்காலிகம். மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிரந்தரம். இதை மட்டும் சரிசெய்துவிட்டால் அந்தக் கையெழுத்து பையில் இருக்கிற மாதிரிதான்.

புரோகிராமைத் திறந்து பார்த்தான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கீ அழுத்தியதும், கொஞ்ச நேரத்துக்கு வேறு எது வந்தாலும் தூக்கிப் போடு என்று பழைய ஆள் வேலை மெனக்கெட்டு எழுதி வைத்திருந்தான்.

"இவனெல்லாம் ஒரு புரோகிராமர்!"

அந்த வரிகளை அழித்தான். மெனு தொட்டால் பறந்தது.

மறுநாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தான். மத்தியானத்துக்குள் மானம் கப்பலேறியது.

முதலில் ஒரு போன். "ரெண்டு பம்ப்தாங்க கேட்டேன். இருபத்திரண்டு வந்து இறங்கியிருக்கு. எங்கிட்ட இருக்கிறதே ஒத்தைக் கிணறுங்க!"

அடுத்து, ரத்து மெனுவுக்குப் போக மூன்றை அழுத்தினார் அக்கா. அந்த மெனுவுக்குள்ளும் ஒரு மூன்று இருந்தது. அன்றைய பில் அத்தனையும் ரத்து.

அவன் அக்காவின் பின்னால் போய் நின்று கவனித்தான். கவனித்த வேகத்தில் மேனேஜர் அறைக்கு ஓடினான்.

"சார், புரோகிராம்ல தப்பே இல்ல. அக்காதான் ஒவ்வொரு கீயையும் ரெண்டு தடவை அழுத்துறாங்க. கண்ணால பாத்தேன். முதலாளிகிட்ட சொல்லிடலாம் சார்!"

சைரன் எழுந்து கதவைச் சாத்தினார். அந்தத் தொண்டையில் இவ்வளவு சின்னக் குரலும் இருக்கிறதா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பழையபடியே மாத்திடுப்பா."

"சார்! மெதுவா இருக்குன்னு தினமும் நீங்கதானே..."

"அவங்களுக்குக் கை நடுங்கும். ஒரு தடவை தொட்டா ரெண்டு தடவை விழும். அந்த ரெண்டாவதை முழுங்கற மாதிரி பழைய ஆளை எழுதச் சொன்னதே நான்தான்."

"அப்புறம் ஏன் சார் அதைப் போட்டு அந்தத் திட்டு திட்டுறீங்க?"

"பில் ஏன் லேட்டுன்னு எல்லாரும் கேப்பாங்கல்ல? நான் புரோகிராமைத் திட்டினா எல்லாரும் திரையைப் பாப்பாங்க. இல்லேன்னா கையைப் பாப்பாங்க. முதலாளிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவார். அந்த வீட்டுல சம்பாதிக்கிற கை அது ஒண்ணுதான்பா."

அவன் ஓடிப்போய் அழித்த வரிகளைத் திரும்பப் போட்டான். போட்டுவிட்டு நிமிர்ந்தால், எதிரே முதலாளி.

"இருபத்திரண்டு பம்ப் அனுப்பினது யாரு?"

அக்கா கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. வாய் திறக்கப்போனார்.

"நான்தான் சார்!" என்று முந்திக்கொண்டான் புரோகிராமர். "மெனுவை வேகமாக்குறேன்னு நேத்து கெடுத்துவச்சுட்டேன். அக்கா சரியாத்தான் அழுத்தினாங்க."

முதலாளி, கையில் ஃபைலோடு பின்னாலேயே வந்து நின்ற மேனேஜர் பக்கம் திரும்பினார். "இன்னும் நிரந்தரம் ஆகலையே இவன்? இன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிடலாமா?"

போச்சு என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அதெப்படி சார் சும்மா விடறது?" கிடங்கின் கடைசி மூலை வரைக்கும் கேட்டது. ஃபைலிலிருந்து அவனுடைய நிரந்தர ஆர்டரை வெடுக்கென்று எடுத்து, அழுத்தமாக ஒரு கையெழுத்தைப் போட்டபடியே அலறினார் சைரன்.

"இந்தச் சனியனை எழுதினவன் இங்கேயே கிடந்து, ரிட்டையர் ஆகிற வரைக்கும் எங்கிட்ட திட்டு வாங்கட்டும்!"