மட்கார்டில் ஒரு தட்டு

மட்கார்டில் ஒரு தட்டு தட்டினால் ரேஸ் கொடு. இரண்டு தட்டினால் விடு.

அன்று நானும் என் தம்பியும் இப்படித்தான் பேசிக்கொண்டோம். நாற்பது நாளாக எங்களுக்குள் பேச்சு வார்த்தை கிடையாது. ஒரே ஷெட், ஒரே ஸ்பேனர் பலகை, இரண்டு உம்மணாமூஞ்சிகள்.

அவன் தன் பழைய பிக்அப்பில் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தான். நான் தூக்கி வைத்த பானட்டுக்கு அடியில் குனிந்திருந்தேன். வண்டியின் பின்பக்கம் அவன் வீட்டுச் சாமான் அத்தனையும் ஏற்றிக் கயிறு கட்டியாகிவிட்டது. கடைசி மூட்டையை ஷெட் வாசலில் போட்டு, அதன்மேல் தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள்.

வண்டி சரியானால் போய்விடுவான். ஐந்து மணி நேரத் தூரத்தில் வேறொருவர் பட்டறையில் வேலை பேசி முடித்துவிட்டான்.

காலையில் கிளப்பியபோது வண்டி இருமி இருமி நின்றது. எப்படியோ போகட்டும் என்று விட மனசு வரவில்லை. என் ஷெட்டிலிருந்து ஒரு வண்டி இருமிக்கொண்டு வெளியே போவதா? அவனிடம் சொல்லாமல் அவன் மனைவியிடம் சொன்னேன்.

"பானட்டைத் தூக்கச் சொல்லும்மா. கார்பரேட்டரைக் கழட்டிப் பாத்துடலாம்."

அவன் இரண்டடி தள்ளித்தான் நின்றான். காது கேட்காமலா இருக்கும்? இருந்தாலும் அவள் திரும்பி ஒருமுறை சொல்லும்வரை காத்திருந்துதான் தூக்கினான். அப்பேர்ப்பட்ட ரோஷக்காரன். என் கூடப் பிறந்தவன்தானே, வேறு எப்படி இருப்பான்.

பிரித்துப் பார்த்தால் கார்பரேட்டருக்கு அடியில் காப்பித்தூள் மாதிரி வண்டல். கழுவினேன். பெட்ரோல் பாயும் ஜெட்டுகளை ஒவ்வொன்றாகக் காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளையைப் பார்த்தேன். கிழிந்த காஸ்கெட்டை மாற்றினேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பதினெட்டு வருஷமாக, நான் கை நீட்டுவதற்கு முன்பே சரியான ஸ்பேனரை எடுத்து வைக்கிறவன்.

எல்லாம் நான் பண்ணின வேலை.

நாற்பது நாளைக்கு முன்னால் ஒரு வேனுக்கு அவன் கார்பரேட்டர் பூட்டி முடித்திருந்தான். வண்டிக்காரர் எதிரிலேயே நான் "தள்ளு" என்று சொல்லிவிட்டு அதை மறுபடியும் பிரித்தேன். என்ன சந்தேகமோ, என்ன திமிரோ. உள்ளே ஒரு குறையும் இல்லை. அப்படியே திரும்பப் பூட்டினேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

தப்பு என்மேல்தான் என்று அந்த நிமிஷமே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், வாய் வரவில்லையே. அவன் கிளம்பும் அன்று காலையில்கூட என் மனைவி சொல்லித்தான் அனுப்பினாள்.

"அவரு கிளம்புறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?"

உதிராதுதான். ஆனாலும் வரவில்லை.

கார்பரேட்டரைப் பூட்டி, ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று திறந்து வைத்தேன். அவள் சொல்ல, அவன் கிளப்பினான். சைலன்சர் ஓட்டை. தகர ஷெட்டுக்குள் அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால்தான் தட்டுவது. காதில் விழாவிட்டாலும் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதிர்வு தெரியும்.

ஒரு தட்டு. ரேஸ் கொடுத்தான். இரண்டு தட்டு. விட்டான். ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். திக்கித் திணறிக்கொண்டிருந்த எஞ்சின் மெல்ல மெல்ல ஒரே சீராக ஓட ஆரம்பித்தது.

அந்தச் சத்தத்தில் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. குனிந்தபடியே சொன்னேன்.

"அன்னிக்கு நான் கை வச்சது தப்புடா."

யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. அது எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று சொல்லி முடியாது. அதனால் மறுபடியும் சொன்னேன்.

ஸ்க்ரூ எப்போதோ சரியான இடத்துக்கு வந்துவிட்டது. இனி ஒரு நூலளவுகூடத் திருப்ப வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு தட்டு தட்டினேன். "உள்ள ஒரு குறையும் இல்லடா, நீ சரியாத்தான் பூட்டியிருந்த." இரண்டு தட்டு. "நான்தான்டா கெட்டுப்போனேன்." மறுபடியும் ஒரு தட்டு. "போகாதடா."

எஞ்சின் பொசுக்கென்று நின்றது.

நான் ட்யூன் பண்ணின எஞ்சின், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிற்கிறதென்றால் இதைவிட மானக்கேடு உண்டா? பெட்ரோல் வரவில்லையா? காஸ்கெட் சரியாக உட்காரவில்லையா? கை தன்பாட்டுக்கு ஸ்பேனரைத் தேடியது.

"அண்ணே."

அவன் குரல்தான். சட்டென்று நிமிர்ந்ததில் மண்டை பானட்டில் 'ணங்'கென்று இடித்தது.

தேய்த்துக்கொண்டே பார்த்தேன். தூக்கிய பானட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே நாலு விரல் சந்து இருந்தது. இத்தனை வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன், அதை நான் கவனித்ததே இல்லை. அந்தச் சந்து வழியாக அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டியில ஒண்ணும் இல்ல. நான்தான் சாவியைத் திருப்பினேன். கால் மணி நேரமா உன் வாய் மட்டும் அசையுது, ஒரு எழவும் கேக்கல. இப்ப சொல்லுண்ணே."

வாசலில் தம்பி மனைவி மூட்டையிலிருந்து எழுந்து நின்றாள்.

ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.